பள்ளிக்கரணையை யார் அளப்பது?

தென்சென்னைப் புறநகரில் வீடு வாங்கியவர், வாங்க நினைப்பவர், மனை விற்பவர், வார்டு உறுப்பினர் என யாரிடம் பேசினாலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி உறுதியான ஒரு கருத்து கிடைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்லி, கடைசியில் அதுவே ஊரறிந்த உண்மையாக நின்றுவிடுகிறது. சதுப்பையும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளையும் காடுகளையும் காக்கும் திட்டத்தில், அரசையோ கட்டுமான நிறுவனத்தையோ சாராத அறிவியலாளர்களுக்கு என்ன இடம் என்பதில் இந்தச் செவிவழிச் செய்திகள் விளைவித்திருக்கும் சேதம் பெரிது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு முறையும் நாம் படகுக்குக் காத்திருந்தோம். அதன் பிறகும் அதே பேச்சு அப்படியே தொடர்கிறது என்பதால், அந்தச் செவிவழிச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"அது புறம்போக்கு, சேறும் கோரையும் தவிர அங்கே என்ன இருக்கிறது?" இருப்பதிலேயே பழைய நம்பிக்கை இது. மக்கள் தாமாக இப்படி நினைக்கத் தொடங்கவில்லை. பயிர் விளையாத, வரி வராத நிலத்துக்கு மதிப்பில்லை என்று வருவாய்த்துறையின் பதிவேடுகள்தாம் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தன. 1960களில் சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பில் கிடந்த சதுப்பு இன்று அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியதற்கு இந்த மனப்பான்மையே அடிப்படை. பெருங்குடியில் குப்பையைக் கொட்டினோம். சாலை போட்டோம், ரயில் பாதை போட்டோம், அடுக்குமாடி எழுப்பினோம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும், காற்றாலை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனத்துக்கும்கூட இந்தச் சதுப்பில்தான் இடம் ஒதுக்கப்பட்டது. அறிவியல் நிறுவனங்களுக்கே இடம் தரும்போது, அது அறிவியலுக்கு முரணான செயல் என்று சாமானியருக்கு எப்படித் தோன்றும்?

உண்மை இது: சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழையும், 30க்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும் நீரும் பள்ளிக்கரணைக்குத்தான் வருகின்றன. வந்த நீர் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். போகும் வழி குறுகியது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது முகத்துவாரம் நீரை எளிதில் வாங்காது. அதுவரை அவ்வளவு நீரும் எங்காவது பரவி நிற்க வேண்டும். நிற்பதற்கென்று இயற்கை வைத்திருந்த இடத்தை நாம் நிரப்பிவிட்டதால், அது இப்போது நம் தரைத்தளத்தில் வந்து நிற்கிறது.

இதைக் கணக்கெடுத்து எழுதி வைத்தவர்கள் யார் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட கேர் எர்த் அறக்கட்டளையைச் சேர்ந்த ஜெய்ஸ்ரீ வெங்கடேசன், ரஞ்சித் டேனியல்ஸ் ஆகியோரின் ஆய்வுகள், சதுப்பின் உயிரினங்களையும் அது சுருங்கிவந்த கதையையும் ஆவணமாக்கின. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே அவர்களிடம் ஆய்வு கேட்டுப் பெற்றது. சில ஆண்டுகள் கழித்து, 2007இல், 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் 1,247.54 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈரநிலங்களை அறிவோடு பயன்படுத்துவதற்கான ராம்சர் விருது 2025இல் ஜெய்ஸ்ரீ வெங்கடேசனுக்கு வழங்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பு முதலில் நடந்தது. வேலியும் அறிவிப்பும் அதன் பிறகே வந்தன. அந்த முதல் வேலை நடக்காதிருந்தால், எதைக் காக்கிறோம் என்பதே வனத்துறைக்குத் தெரிந்திருக்காது.

"சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாயிற்று; அப்படியென்றால் விஞ்ஞானிகள் பார்த்தாயிற்று." படித்தவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். வீடு விற்பவர் ஒரு தாளைக் காட்டுகிறார், அதில் அரசு முத்திரை இருக்கிறது, நாம் நிம்மதி அடைகிறோம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டங்களில் அந்த அறிக்கையைத் தயாரித்துத் தருவது திட்டத்தின் உரிமையாளருடைய பொறுப்பு. ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் அவர். கூலி கொடுப்பவரும் அவர். அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தகுதியை உறுதிசெய்யலாம்; சார்பின்மையை உறுதிசெய்யாது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதப்பட்ட அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தது அம்பலமானது. யாருக்காக எழுதுகிறோமோ அவரே கூலி தரும்போது, அறிக்கை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அது ஒரு சான்று.

இதைவிடக் கவலை தருவது பருவக் கணக்கு. மழைக்காலம் நீங்கலாக ஏதேனும் ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும் என்பதே பல திட்டங்களுக்கு நடைமுறையாக இருந்துவருகிறது. அனல்மின் நிலையத்தின் புகையை அளக்க அது ஓரளவு பொருந்தலாம். சதுப்பு நிலத்துக்கு எப்படிப் பொருந்தும்? பள்ளிக்கரணை தன் முழு உருவத்தைக் காட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். வலசைப் பறவைகள் வந்து தங்குவது அதை ஒட்டிய குளிர்காலத்தில். சித்திரை, வைகாசியில் போய் அளந்தால் வெடித்த சேற்றையும் காய்ந்த கோரையையும் பார்த்துவிட்டு, குறிப்பிடத்தக்க உயிரினங்கள் எவையும் இல்லை என்று மனமறிந்த பொய் ஏதும் இல்லாமலேயே எழுதிவிடலாம். அந்த வாக்கியம் ஒரு குடியிருப்புக்கு அடித்தளமாகும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஒரு டிசம்பர் இரவில் அந்த வாக்கியத்தின் விலையைக் கொடுப்பவர், முப்பது ஆண்டுக் கடனில் அங்கே வீடு வாங்கியவர்.

சார்பற்ற அறிவியலாளர் என்றால் யார் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுப்பவர் திட்டத்தால் லாபம் பெறுபவராக இருக்கக்கூடாது. ஆய்வுக்கான பணம் அப்படி லாபம் பெறுபவரிடமிருந்து நேரடியாக வரக்கூடாது. முடிவு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால், ஆய்வாளர் எத்தனை பட்டம் பெற்றவராக இருந்தாலும் அது வேறு வேலை. அரசுத் துறை அறிவியலாளர்களின் நேர்மையை இங்கே யாரும் ஐயுறவில்லை. ஆனால் தம் துறை ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு எதிராக எழுதும் நிலையில் அவர்கள் இல்லை என்பதை நாம் அறிவோம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், மாநில ஈரநில ஆணையத்தில் ஈரநிலச் சூழலியல், நீரியல், மீன்வளம், நிலத்தோற்றத் திட்டமிடல், சமூகப் பொருளாதாரம் ஆகிய 5 துறைகளுக்கும் தலா ஒரு வல்லுநர் இருக்க வேண்டும் என்கின்றன. அது நல்ல ஏற்பாடு. அந்த ஐவரையும் நியமிப்பது மாநில அரசு. உடன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் துறைச் செயலாளர்கள். ஆகவே ஐவரும் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்பது வெளியே தெரிந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு.

"வேலி போட்டாயிற்று, இனிச் சதுப்பு பிழைத்துக்கொள்ளும்." இப்படிச் சொல்பவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள்தாம். அவர்கள் ஒரு முறை செம்பாக்கம் ஏரியின் கலங்கலில் நின்று, நீர் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீரை வாங்கிக்கொள்ளும் செம்பாக்கம் ஏரி, நிரம்பினால் நன்மங்கலம் ஏரிக்குக் கொடுக்கும். அது கீழ்க்கட்டளைக்கு, கீழ்க்கட்டளை நாராயணபுரத்துக்கு, நாராயணபுரம் பள்ளிக்கரணைக்கு. போக்குக்கால் ஒவ்வொன்றும் அடுத்த ஏரியின் வரத்துக்கால். செம்பாக்கமும் கீழ்க்கட்டளையும் 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகின்றன. நன்மங்கலம் ஊராட்சியாக இருந்துவந்தது. நாராயணபுரமும் சதுப்பும் பெருநகர சென்னை மாநகராட்சியில் உள்ளன. ஏரிகளுக்கு நீர்வளத்துறை, சதுப்புக்கு வனத்துறை, சாலைக்கு நெடுஞ்சாலைத்துறை, குப்பைக்கு மாநகராட்சி. இத்தனை அலுவலகங்களின் எல்லைகளைக் கடந்து ஓடுவது ஒரே நீர். தாம்பரத்தில் ஒரு தெருவின் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டால், அது பள்ளிக்கரணையில் நீளவால் இலைக்கோழி கூடு வைக்கும் நீர்த்தாவரங்களுக்கு இடையே போய்ச் சேர்கிறது.

தாம்பரத்திலேயேகூட நீர் இரண்டாகப் பிரிகிறது. கிழக்குப் பகுதியின் நீர் பெரும்பாலும் பள்ளிக்கரணையை நோக்கிப் போகிறது; முடிச்சூர், பீர்க்கன்காரணை உள்ளிட்ட மேற்குப் பகுதியின் நீர் அடையாற்றை நோக்கிப் போகிறது. 2015இல் முடிச்சூர் மூழ்கியதற்கும் 2023இல் பெரும்பாக்கம் மூழ்கியதற்கும் மருந்து ஒன்றல்ல. வார்டு எல்லையை வைத்துத் திட்டமிடும் எந்த அலுவலகமும் இதைத் தானாகக் காணாது. நீர்ப்பிடிப்புப் பரப்பை முழுதாகப் பார்த்து, எது எதனோடு சேர்ந்தது என்று சொல்லக்கூடியவர் இந்த அலுவலகங்கள் எதற்கும் கட்டுப்படாதவராக இருப்பது அதனால்தான் தேவை.

"சட்டப்படி 50 மீட்டர் தள்ளிக் கட்டினால் போதும்." இது அரை உண்மை. ஈரநில விதிகளில் 50 மீட்டர் இருக்கிறது. விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து அளக்க வேண்டிய 50 மீட்டர் அது. இன்றைய நீர் விளிம்பிலிருந்தோ வேலியிலிருந்தோ அளப்பதல்ல. அதே விதிகள், ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய நீர்ப்பிடிப்புப் பகுதியைத் 'தாக்க மண்டலம்' என்று தனியே வரையறுக்கச் சொல்கின்றன. பள்ளிக்கரணையில் அந்த மண்டலம் எதுவரை என்பதை அளந்து முடிப்பதற்குள் கட்டட அனுமதிகள் ஓடிக்கொண்டிருந்தன. ராம்சர் எல்லைக்குள் எந்தெந்தப் புல எண்கள் அடங்கும் என்பதே 3 ஆண்டுகள் கழிந்தும் தரையில் உறுதியாகவில்லை. கடைசியில் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டரிலும் அனுமதி தர வேண்டாம் என்றது. அக்டோபர் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடித் திட்டத்தின் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. எல்லையை முன்பே அளந்திருந்தால் இந்த வழக்குகளுக்கு இடமிருந்திருக்காது. அந்தச் சுற்றளவுக்குள் மனை வாங்கி வீடு கட்டக் காத்திருந்த சிறு குடும்பங்களும் அலைய நேர்ந்திருக்காது.

"இவ்வளவு பறவைகள் வருகின்றன, பிறகென்ன குறை?" பெருங்குடிப் பக்கம் சாலையோரம் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பூநாரையும் கூழைக்கடாவும் கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் எந்தப் பறவை, எத்தனை, எங்கே முட்டையிட்டது, முன்பு வந்து இப்போது வராதது எது என்று கேட்டால்தான் நிலத்தின் நலம் தெரியும். கழிவுநீர் தேங்கிய ஆழமற்ற குட்டையிலும் நெடுங்கால் உள்ளான் கூட்டமாக நின்று இரை தேடும். கோடையில் சுருங்கி மழையில் விரிந்துகொண்டிருந்த சதுப்புக்கு இப்போது ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்து சேர்கிறது. அதில் ஆகாயத்தாமரை பெருகுகிறது. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதை நம்பியிருந்த உயிரினங்கள் ஓசையின்றி விலகுகின்றன. கூட்டத்தின் அளவு குறையாமலேயே வகைகள் குறையலாம்.

இதைக் கண்டுபிடிக்க நீண்டகாலக் குறிப்பு வேண்டும். அதில் சம்பளமில்லாத பார்வையாளர்களின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கமும், 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் சேர்த்துவைத்த பட்டியல்கள் அப்படிப்பட்டவை. இந்த மரபு பழையது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபோது அங்கே இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். தாவரங்களைத் தேடித் தொகுத்தது அவருடைய ஈடுபாடு. ஒரு தாவர இனமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரி வளாகத்தின் மரங்களுக்காகவும் அவர் உழைத்தார். யாரும் கேட்காமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதுவதும் அறிவியல்தான்.

"நன்மங்கலம் வெறும் முட்காடு, மரம் நட்டால் காடாகிவிடும்" என்பதும் இதே வகை. சுமார் 320 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் புதர்க்காடு ஒரு முழுமையான வாழிடம். கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அங்கே நிழல் மரங்களை அடர்த்தியாக நடுவது அதன் வேட்டைப் பரப்பை மூடுவதாகும். ஏரி சீரமைப்பிலும் இதுவே நடக்கிறது. ஆழமாக ஒரே மட்டத்தில் தோண்டி, நான்கு பக்கமும் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் போட்டுத் திறப்பு விழா நடத்துகிறோம். கரையோரத்தின் ஆழமற்ற சேறு போய்விடுகிறது. நீந்த முடியாத, நடந்தே இரை தேடும் பறவைகளுக்கு அந்த ஏரியில் கால் வைக்க இடமில்லை. சூழலியலாளர் ஒருவரை வரைபடம் போடும் நாளில் கூப்பிட்டிருந்தால், அதே செலவில் ஒரு பக்கக் கரையைச் சரிவாக விட்டிருக்கலாம்.

"விஞ்ஞானிகளை உள்ளே விட்டால் எதையும் கட்ட விடமாட்டார்கள்." இந்த அச்சம் வேண்டுமென்றே வளர்க்கப்படுவது. அமெரிக்காவின் கலிபோர்னியாவைப் பார்ப்போம். அங்கே நகரம் பெருகிய தென்பகுதியில், கடலோரப் புதர்க்காட்டில் வாழும் ஒரு சிறு பறவையின் பொருட்டுத் தொடங்கிய சிக்கலைத் தீர்க்க, 1991இல் வட்டார வாழிடப் பாதுகாப்புத் திட்டத்துக்கான சட்டம் வந்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்திய வடிவம், ஒவ்வொரு திட்டத்திலும் சார்பற்ற அறிவியல் கருத்தைப் பெற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எந்த நிலம் கட்டாயம் காக்கப்பட வேண்டும், பாதுகாப்புப் பகுதிகளை எப்படி இணைக்க வேண்டும், பிறகு எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதை அறிவியலாளர்கள் பேரம் தொடங்குவதற்கு முன்பே எழுதித் தருகிறார்கள். மற்ற இடங்களில் கட்டுமானம் நடக்கிறது. ஒவ்வொரு மனைக்கும் தனித்தனி வழக்கு என்ற நிலையைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

நம் நாட்டில் எதிர்மாறான அனுபவம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காக 2010இல் மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. பாதுகாப்பு மண்டலங்களைக் கிராம சபைகளோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. அரசு அதை வெளியிடாமல் வைத்திருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே போராடி, டெல்லி உயர் நீதிமன்றம்வரை போன பின், 2012 மே மாதம்தான் அது மக்கள் கைக்கு வந்தது. அதற்குள் விவசாயிகளை வெளியேற்றப் போகிறார்கள் என்ற வதந்தி மலைக்கிராமங்களில் வேரூன்றிவிட்டது. அறிக்கையைப் படிக்காதவர்களே அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அறிவை மறைத்து வைத்தால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கரணையைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கிலத்தில், அலுவலகக் கோப்புகளில் கிடப்பதும் இதே விளைவைத்தான் தருகிறது.

இதற்கு மறுமுனையிலும் ஒரு தவறு உண்டு. "விஞ்ஞானி சொன்னால் முடிந்தது, பிறகு நாம் பேச ஒன்றுமில்லை" என்பது அது. சதுப்பு எவ்வளவு நீரைத் தாங்கும், இந்த நிலத்தை நிரப்பினால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரும், எந்த உயிரினம் போகும் என்பதை அறிவியலாளர் சொல்வார். அது எந்த அளவுக்கு உறுதி, எந்த அளவுக்கு ஊகம் என்பதையும் சொல்ல வேண்டியது அவர் கடமை. அந்த இழப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நாமும் நாம் தேர்ந்தெடுத்தவர்களும். அந்தப் பொறுப்பை ஆய்வாளர் தலையில் ஏற்றுவதும், அவர் சொன்னதைக் கேளாமல் முடிவெடுப்பதும் ஒரே அளவில் தவறு.

2027 முதல் 2046 வரை சென்னைப் பெருநகரத்தின் நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்து வருகிறது. அதன் வரைபடத்தில் ஒரு நிறம் பூசப்பட்டால் இருபது ஆண்டுகளுக்கு அதை மாற்றுவது கடினம். ஆகவே கருத்துக்கேட்புக்குப் போகும் ஒவ்வொருவரும், குடியிருப்போர் சங்கமாக இருந்தாலும் தனியாளாக இருந்தாலும், சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்தப் பகுதியை ஆய்வு செய்தவர் யார்? அவருக்குப் பணம் தந்தது யார்? மழைக்காலத்தில் அளந்தார்களா? அளந்த எண்களைத் தமிழில், நாம் பார்க்கும்படி எப்போது வெளியிடுவார்கள்? பதில் வரும்வரை விடாதீர்கள்.